நாய்க்கடிக்கு டி.டி. ஊசி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் தெருநாய்த் தொல்லை என்று உங்கள் இதழில் செய்தி வரும்போதெல்லாம், நாய்களைப் பிடித்து அடைப்பதா, கருத்தடை செய்து விடுவதா என்ற வாதத்தோடு அது முடிந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றம் வரை போன வாதம், நடக்கட்டும். கடிபட்டவர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் என்ன செய்கிறார் என்பதைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கரையோர ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

மீன் ஏலம் விடுகிற இடத்திலோ, கருவாடு காயப்போட்ட மணலிலோ நாய் கடிக்கும். கடிவாயில் சுண்ணாம்பையோ மஞ்சளையோ அப்பிக்கொண்டு, பக்கத்தில் எங்காவது ஒரு டி.டி. ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். "ஊசி போட்டாச்சா?" என்றால், "போட்டாச்சுக்கா" என்பார்கள். என்ன ஊசி என்று மறுபடி கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். டி.டி. ஊசி ரணஜன்னிக்கானது, அதாவது டெட்டனஸுக்கு. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸை அது தடுக்காது. அதற்கு நாய்க்கடி ஊசி தனி. கடிபட்டவருக்கு நாய்க்கடி ஊசி கட்டாயம், டி.டி. போட்டு நாளாகியிருந்தால் அதுவும் சேர்த்து.

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை மாதிரி உறங்கிக் கிடப்பது. காற்றுப் புகாத ஆழமான புண் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். நாயின் பல் இறங்கிய காயம் மேலே கடுகளவுதான் தெரியும், உள்ளே ஆழம் அதிகம். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகும், வாய் திறக்க வராது, முதுகு வில்லாக வளையும். ரேபிஸ் அப்படி இல்லை. எச்சிலில் வரும் வைரஸ் நரம்பைப் பிடித்து மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. சாதாரணமாக 1 முதல் 3 மாதம் ஆகும். ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. காயம் ஆறி, கடித்ததே மறந்துபோன பிறகு காய்ச்சலும், கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பும், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுப்பும் வரும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிழைப்பது அரிதிலும் அரிது. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் ஊசி வேலை செய்ய முடியும்.

"கடிக்கலக்கா, நக்கத்தான் செஞ்சுச்சு" என்பது இன்னொன்று. பாம்பன், மண்டபம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறை கிழித்த கீறல் இல்லாத விரலே இருக்காது. அந்தக் கையால் நாய்க்குச் சோறு வைக்கும்போது அது நக்கினால், ஆழமாகக் கடித்த கணக்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் திறந்த புண்ணில் படும் எச்சில் மூன்றாம் வகையில், அதாவது கடுமையான வகையில் வருகிறது. பூனை பிறாண்டினாலும் அலட்சியமாக விடக்கூடாது.

கடித்தவுடன் கடல் தண்ணீரில் அலசினால் போதும், உப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; இங்கே வேலை செய்வது சோப்புதான், வைரஸின் கொழுப்பு உறையை அது உடைக்கிறது. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இதைச் சொன்னால் முறைக்கத்தான் செய்வார்கள். குடிக்கிற தண்ணீர் வேண்டாம், அடிபம்பில் வருகிற தண்ணீரே போதும். சோப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும், அவ்வளவுதான். மிளகாய்ப்பொடியும் எருக்கம்பாலும் வேண்டவே வேண்டாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து நின்று 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையில், தோலுக்குள், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். காசு கிடையாது. தொல்லை எங்கே என்றால், மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ ஆள் கடலில் இருப்பார். 'கரைக்கு வந்ததும் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிட்டு, 28-ஆம் நாள் ஊசியை மறந்தே போவார். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் ராமேஸ்வரத்தில் தொடங்கியதைத் தொண்டியிலோ கீழக்கரையிலோ தொடரலாம். நாய்க்கு 10 நாள் கழித்து என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசி போடுகிறேன் என்பதும் தவறு. முதலில் ஊசி; நாயைக் கவனிப்பது அதன் கூடவே நடக்க வேண்டிய காரியம்.

டி.டி. விஷயத்தில் எனக்குக் கவலை ஆண்களைப் பற்றி. பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறோம், கர்ப்பிணிகளுக்குப் போடுகிறோம். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போன பையனுக்கு 16-இல் போடவேண்டியது விட்டுப்போகும். அதன்பின் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும் என்று அவனிடம் யார் சொன்னார்கள்? சிப்பி கிழிப்பதும் தூண்டில் முள் ஏறுவதும் அவர்களுக்குக் காயமாகவே தோன்றுவதில்லை.

அதிகாரிகளிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. ஆழமான கடிக்கு நாய்க்கடி ஊசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கடிவாயைச் சுற்றியே செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காப்பது இதுதான். முகத்திலும் விரலிலும் கடிபட்ட குழந்தைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தனுஷ்கோடியில் கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் வரை போவதென்றால் 70 கிலோமீட்டருக்கு மேல். இந்த மருந்து இன்றைக்கு எந்தெந்த அரசு மருத்துவமனையில் கையிருப்பு இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும், மீன் இறங்குதளங்களிலும் எழுதிப் போடட்டும். டி.டி. மட்டும் போட்டு அனுப்பும் இடங்களில், 'நாய்க்கடி ஊசி இன்னும் போடவில்லை' என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லி உத்தரவு வரட்டும். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உச்சிப்புளி.

பின்குறிப்பு: மாசமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் நாய்க்கடி ஊசி போடலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், தள்ளிப்போடத்தான் கூடாது.