‘விலகியதற்கான காரணம்’: வேலையிழப்பு உதவித்தொகை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலையிழப்பு உதவித்தொகை வழங்கும் அலுவலகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உதவித்தொகை கோரும் விண்ணப்பத்தில் ‘வேலையிலிருந்து விலகியதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். மற்ற இடங்களில் பிழை நேர்ந்தால் பணம் சில நாள் தாமதமாகும். இந்தக் கட்டத்தில் நேர்ந்தால் பணமே வராமல் போகலாம்.

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்த அன்று, எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை மேசைமீது நீட்டினார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் உடனே கிடைக்கும், மறுத்தால் அடுத்த வேலைக்குப் போகும் இடத்தில் சங்கடம் வரும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தைத் திறந்தபோது, அந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க மூன்றே விடைகள் இருந்தன: ஆட்குறைப்பு, தானாக விலகல், ஒழுங்கு நடவடிக்கை. நடந்ததைச் சொன்னால் முதல் விடை. என் கையெழுத்தைக் கேட்டால் இரண்டாம் விடை. எதைத் தொடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே திரை காலாவதியாகி, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் ‘ஆட்குறைப்பு’ என்று குறித்தேன். நிறுவனம் ‘தானாக விலகினார்’ என்று பதில் அனுப்பியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

தானாக வேலையை விட்டவருக்கு உதவித்தொகையை நிறுத்திவைக்கப் பல நாடுகளின் சட்டங்கள் இடம் தருகின்றன. அந்த விதி இருக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952-இல் ஏற்ற 102-ஆம் உடன்படிக்கை, தானாக விலகினார் என்பதோடு நிற்காமல், தக்க காரணமின்றி விலகியிருந்தால் மட்டுமே இதற்கு இடமுண்டு என்கிறது. மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. தக்க காரணம் இருந்ததா என்று தெரிந்துகொள்ள, மூன்று விடைகள் கொண்ட ஒரு கட்டம் எப்படிப் போதும்? யார் முதலில் பேச்சை எடுத்தார்கள், கடிதத்தை யார் எழுதினார்கள், மறுத்திருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா என்ற மூன்று எளிய கேள்விகளைக் கேட்டிருந்தால் என் கதை முழுவதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

இருவர் சொல்வதும் பொருந்தவில்லை என்பதையே குற்றமாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் சாட்சி. அங்கே 2013 முதல் 2015 வரை, விண்ணப்பதாரரின் தகவலும் நிறுவனத்தின் தகவலும் வேறுபட்ட இடங்களில் கணினியே மோசடி என்று முடிவுகட்டியது. விளக்கம் கேட்டு அனுப்பிய கேள்விகள், பலர் பல மாதங்களாகத் திறந்தே பார்க்காத இணையக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கணினி தனியாக முடிவெடுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பின்னர் மறு ஆய்வு செய்தபோது, அவற்றில் 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. அதற்குள் பலருடைய சம்பளத்திலிருந்தும் அவர்களுக்குத் திரும்பி வர வேண்டிய வரிப்பணத்திலிருந்தும் பணம் பிடித்தாகிவிட்டது.

நான் மேல்முறையீடு செய்தேன், வென்றேன். ஆனால் வழக்கு நடந்த ஐந்து வாரங்களுக்கு எனக்குப் பணம் வரவில்லை. வேலை தேடுகிறேன், வேறு வருமானம் இல்லை என்று வாரந்தோறும் தர வேண்டிய உறுதிமொழியை அந்த வாரங்களில் நான் தரவில்லை என்பதே காரணம். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் உறுதிமொழி தந்துகொண்டே இருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நிராகரிப்புக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில் அது இருந்தது. வேலை போன வாரத்தில், வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரிப்பவர் நான்காம் பக்கம் வரை நிதானமாகப் படிக்க மாட்டார்.

ஆகவே, மறுக்கும் முன் நிறுவனத்தின் பதிலை அப்படியே விண்ணப்பதாரருக்கு அனுப்பி, மறுமொழி சொல்ல அவகாசம் கொடுங்கள். மறுத்தே ஆக வேண்டுமென்றால், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, வாராந்தர உறுதிமொழியை நிறுத்தக் கூடாது என்ற இரண்டையும் கடிதத்தின் முதல் வரிகளில் எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதுவே எனக்கு மிக முக்கியமானது. அன்று அந்த அறைக்குள் போய் அதே கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் சிலர், நிராகரிப்புக் கடிதம் வந்ததும் தங்கள்மீதுதான் தவறு என்று எண்ணி மேல்முறையீடே செய்யவில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து, ஒரே தேதியில், ஒரே வாசகத்தோடு பத்துப் பேர் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகியிருந்தால், அது எங்கள் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. உங்கள் பதிவேட்டில் தெரியும். அப்படிப்பட்ட கோப்புகளை, அவர்கள் கேட்காவிட்டாலும், நீங்களே மறுபடி திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்