‘ரெக்கார்டு’ எத்தனை நாளைக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் வண்டல் அள்ளுவதைக் கண்டித்து, சென்ற ஆண்டு தாலுகா அலுவலகத்துக்கு முன்பு சுமார் நாற்பது பேர் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். முறையாக அனுமதி வாங்கி, குறித்த நேரத்தில் கூடி, குறித்த நேரத்தில் கலைந்தோம். மஃப்டியில் வந்திருந்த, காவல்துறைக்காக உளவுத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவின் ஏட்டு வேப்பமரத்து நிழலில் பைக்கை நிறுத்தி, அதன் சீட்டின் மேலேயே நோட்டை விரித்து, பேசியவர்களின் பெயர்களை எழுதினார். தெரியாத பெயர்களை எங்களிடமே கேட்டு இனிஷியலோடு குறித்துக்கொண்டார். இது நாங்கள் பல காலமாகப் பார்த்துப் பழகியதுதான், அவருக்கும் சேர்த்தே டீ சொன்னோம். அன்றைக்குப் புதிதாக வந்திருந்தவர் அவர் பக்கத்தில் நின்ற இளம் காவலர். கையிலிருந்த கேமராவை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி நிறுத்தி நகர்த்தினார். கல்லூரி மாணவி ஒருத்தி துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தபோது, “மூடாதீங்கம்மா, சும்மா ரெக்கார்டுக்குத்தான்” என்றார். அந்த ‘ரெக்கார்டு’ இப்போது எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

போராட்டங்களைக் காவல்துறை படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து 13 உயிர்கள் போனபோது, வாகனத்தின் மேல் ஏறி நின்று குறிபார்த்த காவலரை நாடே பார்த்தது ஒரு கேமராவின் வழியாகத்தான். அதே நிகழ்வைப் பற்றி நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அளித்து, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையோ, உளவுப் பிரிவின் எச்சரிக்கை முன்கூட்டியே மேலிடத்துக்குப் போயிருந்தும் அதற்கேற்ற ஏற்பாடு நடக்கவில்லை என்று குறை கூறியது. ஆக, மக்களைக் காப்பதற்காகவே உளவு பார்க்கிறோம் என்று சொல்லப்படும் நியாயம், அது மிகவும் தேவைப்பட்ட நாளில் உதவவில்லை.

போலீஸ் கண்காணிப்பு பற்றிய வழக்குகளில் மூத்தது, உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் என்பவர் தொடுத்தது. கொள்ளை வழக்கொன்றில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்ட அவர் வீட்டுக் கதவைப் போலீசார் இரவில் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இராச் சோதனையை மட்டும் ரத்துசெய்து, பின்தொடர்வதையும் நடமாட்டத்தைக் குறித்து வைப்பதையும் அனுமதித்தது. நீதிபதி சுப்பா ராவோ, போலீசின் பார்வை பின்னாலேயே வரும்போது அதைச் சுதந்திரமான நடமாட்டம் என்று எப்படிச் சொல்வது, அந்த மனிதனுக்கு நாடு முழுவதும் சிறைதானே என்று தம் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக அறிவித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு மிஞ்சாத அளவாகவும் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கேமராவைப் பொறுத்தவரை முதல் கேள்வியிலேயே நிற்கிறோம்: எந்தச் சட்டம்?

தொலைபேசி ஒட்டுக்கேட்புக்காவது ஒரு சட்டமும் விதிகளும் உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும், மறுஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் உத்தரவிடுபவரும் அதிகாரி, சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள்; நீதிபதி ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அக்குழு ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டிய நிலையில் இருப்பதை 2018-இல் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அத்தனையையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் நம்புவது சிரமம்.

அந்த அரைகுறைப் பாதுகாப்புகூட வீடியோவுக்குக் கிடையாது. ஏட்டின் நோட்டு நிரம்பினால் பரணுக்குப் போகும்; கரையான்கூட அரிக்கலாம். வீடியோவில் பதிந்த முகம் அப்படியல்ல. தமிழகக் காவல்துறையில் 2021 முதல் முக அடையாளம் காணும் மென்பொருள் பயன்பாட்டில் உள்ளது. காவலரின் கைப்பேசியிலிருந்தே ஒரு முகத்தைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட முடியும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. குளத்துக்காக நின்ற மாணவியின் முகம் அதில் சேர்க்கப்பட்டதா இல்லையா என்பதை அவள் தெரிந்துகொள்ள இன்று வழியில்லை.

போராட்டத்தில் நின்றது பின்னாளில் வாழ்க்கைக்கே தடையாகுமோ என்ற அச்சம் கற்பனை அல்ல. கூடங்குளம் அணுஉலைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு உட்படப் பல வழக்குகள் பதிவாயின. அவற்றைத் திரும்பப் பெற முயற்சி எடுக்குமாறு 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் கூறியும், எஞ்சியிருந்த வழக்குகளை வாபஸ் பெறுவதாக மாநில அரசு அறிவிக்க 2021 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பாஸ்போர்ட் கிடைக்காமல், வெளிநாட்டு வேலையைத் தவறவிட்ட கடலோர ஊர் இளைஞர்கள் எத்தனை பேர் என்று அந்த ஊர்களில் கேட்டுப் பாருங்கள்.

காவல்துறையின் இன்னொரு கேமராவையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், போதிய சேமிப்பு வசதி இருந்தும் அந்நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. போலீஸைப் பார்க்கும் கேமராவுக்கு இப்படி ஒரு கெடு எழுத்தில் வந்துவிட்டது. போலீஸ் நம்மைப் பார்க்கும் கேமராவுக்கும் ஒரு கெடு வரட்டும்.

உள்துறை செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வழக்கு எதுவும் பதிவாகாத கூட்டத்தின் வீடியோ இத்தனை நாளில் அழிக்கப்படும், நீதிமன்ற அனுமதியின்றி எந்தத் தரவுத்தளத்திலும் சேர்க்கப்படாது என்று ஓர் அரசாணை வெளியிடட்டும். அழித்த கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இதே கேள்விகளைக் கேட்டு உரிய அலுவலகத்துக்கு நான் அனுப்பிய மனுவுக்கு, உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழிசெய்யும் 24(4) பிரிவைக் காட்டி இரண்டே வரியில் மறுப்பு வந்தது. மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவே சொல்வதை எடுத்துக்காட்டி மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் தங்களுக்கும் ஒரு நகல் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.