திருப்பூர் நண்பனுக்கு மதுரையிலிருந்து

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, என்ன படிப்பது என்பதைத் தானே முடிவு செய்தாள் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. நம்மிடம் அப்போது யார் கேட்டார்கள்? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்று. அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

நாங்கள் சிலர் சேர்ந்து இங்கே ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். செய்கிற வேலையில் மனசு ஒட்டாமல், வேறு வழி தேடுகிறவர்கள். அண்ணாநகரில் ஒரு டியூஷன் சென்டர் ஞாயிறு மாலை சும்மா இருக்கும். அங்கே மாதம் இருமுறை கூடுகிறோம். வங்கிக் கடன் வசூலுக்கு அலைகிறவர், தனியார் கல்லூரி ஆசிரியை, ஒரு நர்ஸ், வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற பையன், குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி எங்கே தொடங்குவது என்று நிற்கிற பெண் என்று பலதரப்பட்டவர்கள்.

இந்தப் பேச்சை வீட்டில் பேச முடிவதில்லை, மாப்ள. அன்பு இல்லாமல் இல்லை. ‘வேலையை விடலாமா’ என்று நாம் வாயெடுத்ததுமே அவர்கள் கண்ணுக்கு முன்னால் இஎம்ஐயும் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். நியாயமான பயம்தான். ஆபீசில் சொன்னால் மேலே போய்விடும். நம் வேலை இருந்தாலும் போனாலும் தங்கள் வீட்டு அடுப்பு எரிகிற சில மனிதர்கள் வேண்டியிருக்கிறது. அவர்களால்தான் பதறாமல் கேட்க முடிகிறது.

அறிமுகம் குறைந்தவர்களால் இன்னொரு நன்மையும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் கிடைத்தது சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான். எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தது 55 சதவீதத்துக்கும் மேல். யோசித்தால் புரிகிறது. நெருங்கியவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதிய கதவு வேறு தெருவில்தான் இருக்கும்.

குழுவை நடத்தும் முறையை அம்மாவிடம் கேட்டுத்தான் அமைத்தேன். 1989இல் தருமபுரியில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கிறதே, அப்படி ஒன்றில் அம்மா ஊக்குநராக இருந்தவர். ‘இருபது பேருக்கு மேல் சேர்க்காதே, நோட்டு எழுதாமல் கூட்டத்தை முடிக்காதே’ என்றார். அப்படியே செய்கிறோம். வருகைப் பதிவு உண்டு. அடுத்த கூட்டத்துக்குள் செய்வதாக ஒவ்வொருவரும் சொல்கிற ஒரே ஒரு காரியம் தேதியோடு நோட்டில் ஏறும். இன்னாரிடம் பேசுகிறேன், இந்தப் படிப்புக்கு என்ன செலவு என்று விசாரிக்கிறேன், அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும். ‘நான் உன் இடத்தில் இருந்தால்’ என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. முதல் சுற்றில் கேள்வி மட்டும்தான்.

இருவர் இருவராகச் சேர்த்தும் விட்டிருக்கிறோம், இடையில் போன் பண்ணி நினைவூட்ட. இது நாதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் இலினாய் மாநிலத்தில் வேலை தேடுவோருக்கு நடத்திய குழுவிலிருந்து எடுத்தது. 1975இல் வெளியான அவருடைய ஆய்வில், குழுவில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு இரண்டே மாதத்தில் வேலை கிடைத்தது. தனியாகத் தேடியவர்களில் 55 சதவீதம் பேருக்கு. அவர்கள் வேலை இல்லாதவர்கள், நாங்கள் பெரும்பாலும் வேலை இருப்பவர்கள். ஆனாலும் ஜோடி முறை எங்களுக்கும் நன்றாகவே ஒத்துவருகிறது.

அந்தத் தரக்கட்டுப்பாட்டுப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கரி வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மறுநாளே ராஜினாமா கொடுக்கிற வேகத்தில் இருந்தான். அடுப்படி வேலையைப் பார்த்திருக்கிறாயா என்று நர்ஸம்மா கேட்டார். இல்லை. சரி என்று அவன் ஞாயிறுதோறும் விடியற்காலை ஒரு பேக்கரியில் போய் நின்றான். மாவு பிசைவது பிடித்துவிட்டது, கடை நடத்துவது பிடிக்கவில்லை. அப்புறம் கணக்கு தெரிந்த ஒருவர், நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று எடுத்துச் சொன்னார். அவனுக்கு நாலரை வருடம்தான் ஆகியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் 75,000 ரூபாய். ஆறு மாதம் பொறுத்தால் வருகிற பணம்! இப்போது பொறுமையாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மாவு பிசைகிறான், முகம் தெளிந்திருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

எல்லோருக்கும் வேலையை விடுவதுதான் தீர்வு என்றும் இல்லை. கல்லூரி ஆசிரியை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாடவேளையை மாற்றிக் கேட்டு வாங்கி, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு அது போதுமாக இருக்கிறது. கடன் வசூல்காரருக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார், அதுவும் வேண்டியதுதான்.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் குழந்தைக்காக வேலையை விட்ட அந்தப் பெண் துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடுவது கற்றுக்கொள்ள நினைக்கிறாள். உன் கம்பெனியில் ஒரு நாள் முழுக்கச் சாம்பிள் பிரிவில் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா? கணவரும் கூட வருவார்.

இன்னொன்று உனக்கானது. மாதம் வீட்டுக்கு எவ்வளவு செலவாகிறது, கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அடுத்த கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. காலை பஸ் ஏறினால் மாலைக்குள் வந்துவிடலாம், ராத்திரி வீட்டிலேயே தங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்