அப்பத்தாவின் சைக்கிள்

உட்ரெக்ட், நெதர்லாந்து
நவம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். மாமாவும் பிள்ளைகளும் நலமா? அப்பத்தாவின் முதல் வருசத் திதிக்கு வர லீவு கிடைக்கவில்லை. மனசு ஆறவே இல்லை. அவளைப் பற்றி உங்களோடு பேசவாவது செய்யலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. மழை கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. சுரிநாம்காரர் கடையில் முருங்கைக்காய், பாகற்காய் எல்லாம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவில் இருக்கிற சுரிநாமுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன வடநாட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நம் சமையல் என்னவென்று சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் அப்பத்தா இருந்திருந்தால் அவளுக்கு நான் முதலில் காட்டியிருப்பது இந்த ஊர் சைக்கிள்களைத்தான். ஆட்களைவிடச் சைக்கிள் அதிகம் உள்ள நாடு இது. ரயில் நிலையத்துக்கு அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். முன்னால் மரப்பெட்டி வைத்த வண்டியில் பிள்ளைகளை உட்காரவைத்து அம்மாக்கள் மிதித்துப் போகிறார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் சைக்கிள் ஏறியபோது ஊரே அல்லவா திரும்பிப் பார்த்தது!

1992-இல் நான் பிறக்கவில்லை. நீங்கள் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கதை எனக்கு மனப்பாடம். புதுக்கோட்டை முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி வகுப்பு நடந்த நேரம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். கல்குவாரிக்குப் போகிற பெண்கள், களையெடுக்கிற பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அப்பத்தாவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது, தாத்தா இல்லை. கண்மாய்க் கரையில் விழுந்து முழங்கால் தேய்ந்து, மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் போனாளாமே. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்றதும் பழைய ஆம்பிளை சைக்கிளையே வாங்கிவிட்டாள். “இந்த வயசுல இது தேவையா?” என்று கேட்ட பெரியவரிடம், “மிதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், நகருங்க” என்றாளாம். அந்தப் பதிலை இங்கே என் தோழிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த அப்பத்தா அந்தச் சைக்கிளோடு சேர்ந்தவள். காலையில் கேரியரில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவருவாள். வேலை முடிந்ததும் எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவாள். முன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, அன்னவாசல் ரோட்டில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போவாள். மலைமேல் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறி, சமணர் படுக்கைகளுக்குப் பக்கத்தில் கால்நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “இந்தக் காத்துக்காகவே எவ்வளவு தூரம் வேணும்னாலும் வரலாம்டி” என்பாள். கும்பிட ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்குப் போகிறாய் என்று அப்பா கோபப்படுவார். சும்மா போவதற்காகவே போனாள் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. வீட்டில் அத்தனை பேருக்கும் சோறு போட்டுவிட்டு, தனக்கென்று ஒரு பொழுதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அதற்காக அவள் யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. நான் இவ்வளவு தூரம் தனியாகக் கிளம்பி வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை அத்தை. விமான நிலையத்தில் எல்லோரும் அழுதபோது அவள் மட்டும், “அங்கன ரோடு நல்லாருக்குமா?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது அப்பத்தா என்று போனில் சொன்னேன். நேரில் காட்ட முடியவில்லை.

இன்னொன்று. கொட்டகையில் கிடக்கிற அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக அப்பா சொன்னார். தயவுசெய்து விடாதீர்கள். டயர், ட்யூப், செயின் மாற்ற இந்த மாதமே பணம் அனுப்புகிறேன். சின்னவளுக்குப் பிளஸ் ஒன் போனதும் பள்ளிக்கூடத்திலேயே சைக்கிள் கொடுப்பார்கள், சரி. அதுவரைக்கும் இதை ஓட்டட்டும். பார் உயரமாக இருக்கிறது என்று பயந்தால், கண்மாய்க் கரையில் ஓரமாகச் சாய்த்து ஏறச் சொல்லுங்கள். அப்பத்தா எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்.

திதியன்று படையலில் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலையும் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
செல்வி