எம்.ஏ. படிப்பும் ஆலன் பேஜும்

அன்பு முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் பனி இன்னும் விடவில்லை. எல்லாரும் சௌக்கியம். சின்னவள் இந்த வருஷத்திலிருந்து ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள்.

எம்.ஏ. தமிழை முதல் வருஷத்தோடு விட்டவன், நாற்பத்தாறு வயதில் மறுபடி சேர்ந்தால் ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவார்கள் என்று எழுதியிருந்தாய். அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனபோது, வாசலில் இருந்த அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பி.டி. வாத்தியாரான உனக்கு அந்த ஆளின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆலன் பேஜ் 1945-இல் ஒஹாயோவின் கேன்டன் ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். இங்கத்திய ஃபுட்பாலின் (நம்மூர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) ஹால் ஆஃப் ஃபேம், அதாவது சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம், அந்த ஊரில்தான் இருக்கிறது. அது எழும்பியபோது, பள்ளி மாணவனாக இருந்த இவர் அங்கே கூலிவேலை பார்த்திருக்கிறார். 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்தார். ஆடிய இடம் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில். எதிரே மலைமாதிரி நிற்கும் ஆட்களைப் பிளந்துகொண்டு போய், பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை, அதாவது எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனை, சாய்க்க வேண்டும். பந்து அசைந்த நொடியில் யார் முதலில் காலெடுத்து வைக்கிறானோ அவன் கை ஓங்கும். பேஜின் சொத்தே அந்த வேகம்தான். 1971-இல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் தற்காப்பு வரிசையில் நிற்கும் எவருக்கும் அது கிடைத்ததில்லை. நான்கு சூப்பர் பௌல் (லீக்கின் வருடாந்திர இறுதிப் போட்டி) ஆடினார், நான்கிலும் தோல்வி.

இப்போது நீ கவனிக்க வேண்டிய இடம். ஆட வந்த புதிதில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். உன்னைப் போலத்தான். 1975-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்தார். சீசனில் ஆட்டம், நடுவில் வகுப்பு என்று ஓட்டி 1978-இல் பட்டம் வாங்கினார். அதே காலத்தில் நெடுந்தூரம் ஓடவும் ஆரம்பித்ததால் எடை இறங்கிவிட்டது. அணிக்கு அது பிடிக்கவில்லை. பட்டம் வாங்கிய அதே 1978-இல் சீசன் நடுவிலேயே கழற்றிவிட்டார்கள். சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொள்ளக் கட்டிய தொகை 100 டாலர். பதினோரு வருஷம் அந்த ஊருக்காக மோதி விழுந்து எழுந்தவருக்கு நூறு டாலர்! படித்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரோ சிகாகோவில் 1981 வரை ஆடினார். மொத்தம் 15 சீசன், 218 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எடை குறைந்தால் ஆட்டம் போய்விடும் என்றவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

1988-இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். சிறுவயதில் கல்லும் மண்ணும் சுமந்த அதே இடம். மேடையில் தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது பழைய கோச்சை அல்ல, ஒரு பள்ளித் தலைமையாசிரியையை. பேசியதும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். நீ ஒரு வாத்தியார், இதற்குமேல் நான் விளக்க வேண்டாம்.

இங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 1992-இல் அந்தப் பதவி ஒன்றுக்குப் போட்டியிட நினைத்தார். அந்தப் பதவியில் இருந்தவருக்குக் காலத்தை நீட்டித் தேர்தலையே தள்ளிவைத்திருந்தார்கள். வழக்குப் போட்டுத் தேர்தலை வரவைத்து, நின்று, ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தில் முதல் கறுப்பின நீதிபதி. எழுபது வயதில், 2015-இல், விதிப்படி ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். இந்தப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது 2017-இல்.

இங்கே அக்டோபரில் நடக்கும் மராத்தானில், ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்த ரோட்டோரம் நின்று டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் ஊதுவதைப் பல வருஷம் வழக்கமாக வைத்திருந்தார். அதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது? ஃபீஸ் கட்டிவிட்டு எழுதுடா. முதல் வருஷப் புத்தகங்களுக்கு நான் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. அம்மாவைச் சொட்டுமருந்து நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

உன்,
சேகர்