செசானின் மேசையும் பிக்காசோவின் குவெர்னிகாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவீன ஓவியம் என்றாலே ‘இதைக் குழந்தையும் கிறுக்கிவிடுமே’ என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம், நன்கு படித்தவர்களிடையேகூட இன்னும் நீடிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஸ்பானிய ஓவியர் பாப்லோ பிக்காசோ 1897இல், தம் 15ஆம் வயதில் தீட்டிய ‘அறிவியலும் கருணையும்’ ஓவியத்தில், படுத்திருக்கும் நோயாளியும் அவள் நாடியைப் பார்க்கும் மருத்துவரும் (மருத்துவராக அமர்ந்தவர் ஓவிய ஆசிரியரான அவருடைய தந்தையே) மரபு இலக்கணம் சிறிதும் பிசகாமல் அமைந்திருக்கிறார்கள். வரையத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த இலக்கணத்தை அவர் ஏன் கைவிட்டார் என்பதை அறிய, அவருக்கு முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு ஓவியரான பால் செசானிடம் போக வேண்டும். சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள செசானின் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தைக் கூர்ந்து பார்த்தால், மேசையின் விளிம்பு வெள்ளைத் துணிக்கு அடியில் ஓர் உயரத்தில் நுழைந்து மறுபுறம் வேறோர் உயரத்தில் வெளிவருவதும், புட்டி சாய்ந்து நிற்பதும் தெரியும். நாம் உலகை அசையாத ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பி, இடம் மாறி, பார்த்ததையெல்லாம் மனத்தில் சேர்த்தே ஒரு பொருளை அறிகிறோம். அந்த உண்மையை அவர் மேசை விளிம்பிலேயே காட்டிவிட்டார். 1906இல் அவர் மறைந்தபின், பிக்காசோவும் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக்கும் ஒற்றைப் பார்வைக் கோணத்தின் அந்த உடைப்பை முழு உருவத்துக்கும் விரித்தபோது, ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒருசேரக் காட்டும் கியூபிசம் என்ற ஓவிய பாணி பிறந்தது.

1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா நகர்மீது குண்டு பொழிந்த செய்தியைப் பாரிஸில் நாளிதழ்களில் படித்த பிக்காசோ, ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ‘குவெர்னிகா’ ஓவியத்தை ஏறக்குறைய ஐந்து வாரங்களில் முடித்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவையே அதன் நிறங்கள். குதிரையின் உடலெங்கும் அச்செழுத்து வரிகளைப் போன்ற சிறு கோடுகள். இடப்புறம், இறந்த குழந்தையை ஏந்தி அண்ணாந்து அலறும் தாயின் நாக்கு கத்தி முனையாகவும், கண்கள் கண்ணீர்த் துளிகளாகவும் மாறியிருக்கின்றன. இலக்கணச் சுத்தமான ஒரு முகத்தால் அந்த அலறலைத் தாங்கியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய ஓவியங்களைத் தாங்கள் உள்ளங்கை அளவில் அச்சிட நேரும்போது, அவற்றின் உண்மையான நீள அகலத்தையும், ஏதேனும் ஒரு பகுதியைப் பெரிதாக்கிய படத்தையும் உடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்