பாப்பாவுக்கு

கும்பகோணம்
நவம்பர் 26

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு.

நீ கருப்பு கவுன் போட்டு நிற்கும் போட்டோவை அம்மா காட்டினாள். பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டேன். எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம். அம்மாவோடு மட்டும் போனில் பேசுகிறாய்; நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று அரசியலமைப்பு நாள் என்று பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். 31 வருஷம் நடத்திய பாடம். 1949-இல் இதே தேதியில் அரசியல் நிர்ணய சபை ஏற்றது, 395 பிரிவுகள் என்று சொல்லி முடித்துவிடுவேன். இந்தத் தடவை பஞ்சாயத்து விஷயத்தைச் சொன்னேன்.

1948 நவம்பர் 4-ஆம் தேதி, வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடம்தானே கிராமம் என்று கேட்டார். அவருடைய மக்கள் ஊர்களில் பட்ட பாட்டுக்கு அந்தக் கோபம் நியாயம். வரைவிலும் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமில்லை. உறுப்பினர்கள் பலர் எழுந்து ஆட்சேபித்தார்கள். 22-ஆம் தேதி, நம் சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம், பஞ்சாயத்துகளை அமைத்து அதிகாரம் தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். பதினெட்டே நாள், பாப்பா. இன்றைய 40-ஆவது பிரிவு அதுதான்.

மொத்தம் வந்த திருத்தங்கள் 7,635. அவையில் முன்மொழிந்தவை மட்டும் 2,473. மதச்சார்பற்ற, சோஷலிச என்ற சொற்களை முதல் பிரிவில் சேர்க்கச் சொன்ன உறுப்பினர் கே.டி. ஷா தோற்றார், 1976-இல் அந்தச் சொற்கள் முகவுரையில் ஏறின. அந்த ஷாவுக்கும் இன்னொரு உறுப்பினரான காமத்துக்கும் அம்பேத்கர் கடைசிப் பேச்சில் நன்றி சொன்னார். கட்சிக் கட்டுப்பாட்டுக்கு எல்லோரும் அடங்கியிருந்தால் சபை ஆமாம் சாமிகளின் கூட்டமாகியிருக்கும் என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

சட்டம் படிக்க ஏன் ஆசைப்படுகிறாய் என்று நோட்டுத் தாளில் எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாயே, அதை நான் அன்று படிக்கவில்லை. அதன்மேல் காபி டம்ளரை வைத்தேன். அந்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது. பழைய பஞ்சாங்கத்துக்குள் கிடந்த தாளை இன்று மத்தியானம்தான் எடுத்துப் படித்தேன். ஒன்பது காரணம் எழுதியிருக்கிறாய். ஏழாவது, நான் நடத்திய பாடம். படித்திருந்தால் அன்றே பதில் சொல்லியிருப்பேன். நம் வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை.

சரி, பொங்கலுக்கு டிக்கெட்டை இப்போதே போடு, அப்புறம் கிடைக்காது. அம்மா எல்லாம் சொன்னாள். ஒரு டிக்கெட்டா இரண்டா என்பது உன் முடிவு. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து படிக்காதே. போனை அம்மாவிடம் கொடுக்காமல் நானே எடுக்கிறேன்.

அப்பா